கண்டது ஒரு பக்கம், சொன்னது ஒரு பக்கம்

வீட்டுக்குக் காப்புறுதி எடுத்திருந்தால், வெளியே மண்ணுக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாயும் கழிவு வாய்க்காலும் அதற்குள் வருமா வராதா? இந்தக் கேள்வி கிளிநொச்சிச் சந்தையடி ஓட்டோத் தரிப்பிடத்துக்கு எப்போது வந்தாலும் என் தலையில்தான் விழும். "அந்தா, அவரைக் கேளுங்கோ. அவருக்கு எல்லாம் தெரியும்" என்று மற்ற ஓட்டோக்காரர்கள் என்னைக் கைகாட்டிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

நான் காப்புறுதிக்காரன் இல்லை. ஒரு காப்புறுதி மதிப்பீட்டாளரை ஆறு வருஷம் ஏற்றி இறக்கியவன், அவ்வளவுதான். இடிந்த வீட்டையும் உடைந்த குழாயையும் நேரில் வந்து பார்த்து, கொம்பனிக்கு அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டோம்.

முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. அக்கராயனில் வயல் செய்கிற குடும்பம். காலை எட்டே காலுக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, தெரிந்த முகம் என்றுகூடச் சிரிக்காமல் என் ஓட்டோவில் ஏறுவார். ஒரு கையில் தடித்த மட்டை போட்ட சி.ஆர். கொப்பி. மற்றக் கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. அந்தக் குடையை மழைக்கோ வெயிலுக்கோ விரித்ததை நான் அதிகம் பார்க்கவில்லை. அதன் நுனியில் இரும்பு இருந்தது. மண்ணைக் குத்தி ஈரம் பார்க்கத்தான் அவருக்கு அது தேவைப்பட்டது.

முதல் நாளே எனக்கு அவரில் எரிச்சல் வந்தது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீடு. கொதிக்கிற வெயில். வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "வாங்கோ, வாங்கோ, முதல்ல தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்" என்கிறார். எனக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது. இவரோ வாசல் படலையடியில் நின்றபடியே, "எப்ப கண்டனீங்கள்?" என்று கேட்டார். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. பதிலைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து வந்து, எழுதியதை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி குடித்தார். கையெழுத்துக்கு முன் பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் தொடாவிட்டால் எனக்கும் தரமாட்டார்கள். ஆறு வருஷம் நான் அப்படித்தான் காய்ந்தேன்.

அந்தக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருப்பார். இடது பக்கம் மேலே 'கண்டது'. வலது பக்கம் மேலே 'சொன்னது'. தான் கண்ணால் கண்டது மட்டும் இடது பக்கத்தில். வீட்டுக்காரர் சொன்னது, அவர் சொன்ன சொல்லிலேயே, வலது பக்கத்தில். கடைசியில் இரண்டையும் உரக்க வாசித்துவிட்டு, "கையெழுத்து வைக்க முதல் மாத்த ஏதும் இருக்கோ?" என்று கேட்பார். அதைக் கேட்கும்போது மட்டும் அவருடைய குரல் கொஞ்சம் மெதுவாகும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. திரும்பி வரும்போது கையில் எப்போதும் பழைய பேப்பரில் சுற்றிய ஏதாவது ஒன்று இருக்கும். உடைந்த குழாய்த் துண்டு, பிளந்த மூட்டு, வேர் பிடித்த சீமெந்துக் கட்டி. அதைப் பின்சீற்றில் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். சீற் முழுக்க மண்ணாகும். அவர் இறங்கிய பிறகு நான் முணுமுணுத்துக்கொண்டே தட்டித் துடைப்பேன். அந்தக் குப்பையை எதற்குக் கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசினவர்கள் இருக்கிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் வேறொரு நாளும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

முள்ளியவளைக்குக் கிட்ட ஒரு வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து முந்திய தலைமுறையில் வந்து வயல் செய்கிற குடும்பம். மாரியில் வெளி வாய்க்கால் அடைத்து, கழிவுத் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் ஏறி, இரண்டு அறை நாசமாகிவிட்டது. நாங்கள் போனபோது வீடு பளபளவென்று இருந்தது. அதிகாரி வருகிறார் என்று வீட்டையெல்லாம் கழுவி, வாய்க்காலைத் தோண்டித் துப்புரவாக்கி, சுவருக்குப் புதிதாய் வெள்ளையும் அடித்துவிட்டார்கள். நாற்றம் பிடித்த வீட்டுக்குள் ஒரு ஆளைக் கூப்பிடுவது எப்படி என்று அந்த அம்மாவுக்கு வெட்கம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு விசர் வேலை பார்க்க மாட்டார்கள்.

மிஸ் அறை நடுவில் நின்றது திறந்த கதவால் எனக்குத் தெரிந்தது. எழுத ஒன்றுமில்லை. 'கண்டது: சுவர் வெள்ளை. நிலம் சுத்தம்.' அதை வாசித்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சதமும் வராது. அந்த அம்மா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றார். மிஸ் படலைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணை, ஒருக்கா வாங்கோ. இந்த அலுமாரியைத் தள்ளோணும்."

தள்ளினோம். அலுமாரியின் பின்கால்கள் இரண்டும் முழங்கால் உயரத்துக்கு ஊறி வீங்கி, பலகை பிளந்து, அதற்குள் கறுத்த சேறு காய்ந்திருந்தது. சுவரின் அந்தப் பகுதிக்கு வெள்ளை அடிக்கக் கை எட்டவில்லை. அழுக்குத் தண்ணீர் நின்ற கோடு அங்கே நேராய்த் தெரிந்தது. மிஸ் நிலத்தில் குந்தியிருந்து அளந்து எழுதினார். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் ஆறு வருஷத்தில் இரண்டோ மூன்று தடவைதான் கண்டேன். அந்த வீட்டுக்கு இழப்பீடு கிடைத்தது.

அதற்கு நேர் எதிராக அக்கராயன் நாள். அவருடைய சொந்த ஊர். குழாய் வெடித்து வீட்டு விறாந்தை மண்ணுக்குள் தாண்டுவிட்டது என்று ஒரு பெரியவர் இழப்பீடு கேட்டிருந்தார். மிஸ்ஸின் அப்பாவோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்.

"எப்ப கண்டனீங்கள், மாமா?"

"நேத்து விடியத்தான் பிள்ளை. டமார் எண்டு ஒரு சத்தம்."

பின்பக்கம் போன மிஸ் நெடுநேரம் வரவில்லை. வந்து வாசிக்கத் தொடங்கினார். நான் படலையடியில் ஓட்டோவுக்குள் இருந்தபடி கேட்டேன். "கண்டது. குழாயில வெடிப்பு. அதைச் சுத்தி வல்லாரைப் பாத்தி. நாலடிக்கு மூண்டடி படர்ந்திருக்கு. பல தரம் ஆய்ஞ்ச அடையாளம். சொன்னது. நேற்று விடியக் கண்டது. மாத்த ஏதும் இருக்கோ, மாமா?"

பெரியவரின் முகம் கறுத்துவிட்டது. வன்னியில் கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்க மனம் வராது. குழாய் கசிந்தால் திருத்துவதற்கு முன் அந்த ஈரத்தில் எதையாவது நட்டுவிடுவோம். வல்லாரை, பசளி, கத்தரி, வாழை. நட்டது நன்றாக வந்துவிட்டால் குழாயைத் திருத்தவும் மனம் வராது. பெரியவரின் வீட்டில் வல்லாரைச் சம்பல் எத்தனை மாதமாக அரைத்தார்களோ தெரியாது.

"உன்ர கொப்பர் எனக்குச் சகோதரம் மாதிரி. நீ சின்னனில என்ர வீட்டில சோறு திண்டனீ. எனக்கு இப்பிடி எழுதுறியோ?"

"மாத்த இருந்தால் சொல்லுங்கோ மாமா. மாத்தி எழுதுறன்."

அவர் மாற்றவில்லை. கையில் மண்வெட்டியோடு வந்து ஓட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டார். மிஸ் ஏறி இருந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, "பின்னுக்கு எடுங்கோ அண்ணை" என்றார். நான் அரைக் கிலோமீற்றர் பின்னுக்கே ஓடித்தான் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் அவருடைய கண் நிறைந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்டோடொண்டு ஒட்டுதில்லையே அண்ணை. நான் என்ன செய்யட்டும்?" என்றார். பேப்பரில் சுற்றிய குழாய்த் துண்டு அவருடைய மடியில் இருந்தது.

அன்றைக்கு நான் இரண்டு விஷயம் படித்துவிட்டதாக நினைத்தேன். சடாரென்று வெடித்தால் கிடைக்கும், கசிந்து கசிந்து போனால் கிடைக்காது. இது ஒன்று. ஈரத்தில் நட்ட பயிர் கசிவின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். இது மற்றது. தரிப்பிடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பெரிய சட்டத்தரணி மாதிரி இதைச் சொல்லியும் கொடுத்தேன்.

ஒரு பக்கத்திலேயே எழுதினால் என்ன, எதற்கு இந்தக் கோடு என்று ஒரு தடவை அவரைக் கேட்டேன். முல்லைத்தீவு வீதியில் ஒரு மரத்துக்குக் கீழே நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் சோற்றுப் பார்சலைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"யுத்தத்தில காணாமல் போன எங்கட அண்ணாவைக் கண்டனாங்கள் எண்டு மூண்டு பேர் வந்து சொன்னவை. ஒராள் நீலச் சேட் போட்டிருந்தவர் எண்டார். ஒராள் வெள்ளைச் சேட் எண்டார். மற்றவர் சேட்டே இல்லை எண்டார். அம்மா மூண்டு பேரையும் நம்பினவா. மூண்டு பேர் சொன்ன மூண்டு இடத்துக்கும் இண்டைக்கும் போய்வாறா."

பிறகு பார்சலை மடித்துக் கட்டிவிட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இனி என் வீட்டுக் கதை.

போன வருஷம் ஆவணி மாதம். மத்தியானம் என் மனைவி கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் குசினியின் பின்மூலை அப்படியே தாண்டு, சுவர் அடுப்புக்கு மேல் விழுந்தது. ஐந்து நிமிஷம் முந்தியென்றால் அவள் அதற்குக் கீழே. வங்கிக் கடன் எடுத்து வீட்டைக் கட்டி முடித்தபோது கூடவே வந்த காப்புறுதி ஒன்று இருந்தது. அதுதான் ஒரே நம்பிக்கை. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். அதற்குள் சுவர் எழும்பாவிட்டால் தறப்பாள் கட்டித்தான் சமைக்க வேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே எத்தனை வருஷம் சமைத்தவள் அவள். இந்த வீட்டில் முதல் நாள் அடுப்பு மூட்டியபோது, "இனி என்ர சீவியத்தில தறப்பாளுக்குக் கீழ உலை வைக்கமாட்டன்" என்று சொன்னவள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் எனக்கு மறக்கவில்லை.

சுவர் ஏன் தாண்டது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்திய வருஷம் மண் ஏற்றிக்கொண்டு பறிக்க வந்த ட்ரக்டர் ஒன்று வளவுக்குள் திரும்பும்போது, தண்ணீர்த் தாங்கியிலிருந்து குசினிக்கு மண்ணுக்குள் வருகிற குழாயின் மேல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அந்த இடம் ஈரம். நான் பிறகு பார்ப்போம் என்றேன். மனைவி, "சும்மா போற தண்ணிதானே" என்று அதில் ஒரு இதரை வாழைக்குட்டியை நட்டாள். அது நல்லாய் வந்தது. கோடையில் வளவே காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சையாய்ச் சுவரோடு நின்றது. ஆடியில் குலை போட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அதைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். அந்தக் குளிர்ச்சியில் அத்திவாரம் ஊறிக்கொண்டிருந்ததை யார் கண்டது.

விண்ணப்பம் கொடுத்து மூன்றாம் நாள் மிஸ் ஓட்டோவில் வைத்துச் சொன்னார்: "உங்கட வீட்டுக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டனான். ஆள் இல்லையாம். வியாழன் நான்தான் வாறன். அண்டைக்கு உங்கட ஓட்டோ வேண்டாம், பஸ்ஸில வருவன். அதுவரைக்கும் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும், அண்ணை."

கடைசி வசனத்தை எல்லோருக்கும் சொல்கிற வசனம் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன் காலை வாழையை வெட்டினேன். கிழங்கோடு கிளப்பி எடுத்தேன். மண்ணுக்குள் குழாய் ஒரு பக்கம் தட்டையாய் நசிந்து, நீளத்துக்கு வெடித்திருந்தது. அதைச் சுற்றி வாழை வேர் பின்னிக் கிடந்தது. அந்த வேரைக் கண்டால் மிஸ் மாதக் கணக்கைச் சொல்லிவிடுவார். துண்டை அறுத்து எடுத்து, குப்பையோடு போட்டு எரித்தேன். புதுத் துண்டு பொருத்தினேன். கிடங்கை மூடி, மேலே விறகை அடுக்கினேன்.

மனைவி குலைக்குத்தான் முதலில் கத்தினாள். "காய் இன்னும் திரளேல்லை. விசரே உங்களுக்கு?"

"பேசாமல் இரு. போன கிழமைதான் தண்ணி கண்டது எண்டு சொல்லு. வாழை ஒண்டு இருந்ததெண்டு மூச்சு விடாதை."

"நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றாள். அதைச் சம்மதம் என்று நினைத்தேன்.

வியாழன் பத்து மணிக்குப் பெரிய றோட்டில் பஸ் நின்றது. அங்கிருந்து என் வீட்டுக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல். வாய்க்கால் கரையில் குடையை ஊன்றிக்கொண்டு அவர் நடந்து வந்ததைப் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ எனக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. எத்தனையோ படலையில் எத்தனையோ பேர் இப்படி நின்றதை ஓட்டோவுக்குள் இருந்து பார்த்தவன் நான். சிலரைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். இப்போது என் முறை.

"எப்ப கண்டனீங்கள்?" அண்ணை என்ற சொல் அதில் இல்லை.

"போன கிழமை மிஸ். சடாரெண்டு வெடிச்சது."

எழுதினார். சுற்றிப் போனார். இந்த முறை நானும் பின்னால் போனேன், வீட்டுக்காரன் அல்லவா. குடை நுனியால் மண்ணைக் குத்தினார். விறகு அடுக்கைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. சுவரடியில் மண்ணுக்கு வெளியே தெரிந்த மூட்டில் பளபளக்கிற புதுக் குழாயைப் பார்த்து எழுதினார். பிறகு சுவரின் வெடிப்பை உள்பக்கம் பார்க்கக் குசினிக்குள் போனார்.

அங்கே கூரை வளையில் அந்தக் குலை தொங்கியது. அதை நான் மறந்தே போனேன். விரல் விரலாய்ப் பிஞ்சுக் காய். வெட்டிய இடத்தில் பால் இன்னும் கசிந்து, சாணி மெழுகிய நிலத்தில் சொட்டுச் சொட்டாய்க் கறுத்துக் கிடந்தது. வயல்காரன் மகளுக்கு அதைப் பார்த்து விளங்க ஒரு கணம் போதும். அவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மனைவி மற்ற மூலையில் புதிதாய் வைத்த கல்லடுப்பை ஊதுவது போல அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

"ஏன் இவ்வளவு பிஞ்சில வெட்டினனீங்கள்?"

"குரங்கு மிஸ்" என்றேன். "விட்டால் ஒண்டும் மிஞ்சாது."

நல்ல பொய். வன்னியில் யாரும் மறுக்க முடியாத பொய். அவர் தலையாட்டிவிட்டு வலது பக்கத்தில் எழுதினார். பேனை ஊர்ந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

முற்றத்தில் கதிரை போட்டோம். அவர் இருந்து வாசித்தார். "கண்டது. குசினிப் பின்மூலை ஓரடி தாண்டிருக்கு. சுவர் விழுந்திருக்கு. குழாயில புதுத் துண்டு. பக்கத்தில கிளறின மண், மேல விறகு. உள்ளுக்கு இதரைக் குலை, பிஞ்சு, வெட்டி ஒரு நாள். சொன்னது. போன கிழமை சடாரெண்டு வெடிச்சது. குலை வெட்டினது குரங்குக்காக."

கொப்பியை என் பக்கம் திருப்பி, பேனையை நடுக்கோட்டில் வைத்தார். "கையெழுத்து வைக்க முதல் மாத்த ஏதும் இருக்கோ?"

பேனையை எடுத்தேன்.

"குரங்கு இல்லை, தங்கச்சி" என்றாள் மனைவி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவர்தான் வெட்டினவர். அதில ஒரு வருசமா வாழை நிண்டது. நான்தான் நட்டனான். மண் பறிக்க வந்த ட்ரக்டர் குழாயில ஏறின நாளில இருந்து அதில ஈரம்."

மிஸ் சடாரென்று நிமிர்ந்தார். "என்ன ஏறினது?"

"ட்ரக்டர். மண் ஏத்தினது. அதிலதான் குழாய் நசிஞ்சது."

"அந்த நசிஞ்ச துண்டு எங்க?"

இதை என்னைப் பார்த்துக் கேட்டார். முகத்தில் கோபம் இருக்கவில்லை. முள்ளியவளையில் அலுமாரியைத் தள்ளச் சொல்லிக் கூப்பிட்டாரே, அதே அவசரம்தான் இருந்தது. நான் குப்பை மேட்டைக் காட்டினேன்.

எழுந்து போய்க் குடை நுனியால் சாம்பலைக் கிளறினார். கறுப்பாய் உருகி உறைந்த கட்டி ஒன்று வந்தது. எந்தப் பக்கம் தட்டை, எந்தப் பக்கம் வெடிப்பு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்ப அதிலேயே வைத்துவிட்டு வந்து, வலது பக்கத்தில் என் வரிகளை வெட்டி, மனைவி சொன்னதை எழுதினார். இடது பக்கத்தில் ஒரு சொல்தான் சேர்த்தார். 'சாம்பல்.'

நான் கையெழுத்து வைத்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். இழப்பீடு கிடைக்காது என்று தெரிந்த வீடுகளில் யாரும் கொடுப்பதில்லை. மிஸ் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்ல தேத்தண்ணி, அக்கா" என்றார்.

படலையடியில் ஓட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கையெழுத்து முடிஞ்சுதுதானே. இனி நீங்கள் ஓட்டோக்காரர். பஸ்ஸடியில விடுங்கோ, அண்ணை."

பாதி வழியில் கேட்டார். "ஏன் எரிச்சனீங்கள்?"

"வேர் சுத்தியிருந்தது மிஸ். எத்தினை மாசம் எண்டு காட்டிப்போடும் எண்டு பயந்திட்டன்."

பெரிய றோட்டு வந்தது. நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை.

"தானா பழசாகி உக்கி ஒழுகினால் ஒண்டும் இல்லை, அண்ணை. ஏதும் ஏறி, விழுந்து, இடிச்சு உடைஞ்சால் அது விபத்து. உங்கட வளவுக்குள்ள, உங்கட வீட்டுக்கு வாற குழாய் எண்டால், வெளியில மண்ணுக்குள்ள இருந்தாலும் அது சேரும். பிந்திச் சொன்னதுக்கு நான் ஒரு கடிதம் வைச்சிருப்பன். தந்திருப்பினம் எண்டு சொல்லேல்லை. கேட்டிருக்கலாம். அந்த நசிஞ்ச துண்டு கையில இருந்திருக்கோணும்."

"எப்ப எண்டுதானே மிஸ் நீங்கள் எல்லாரையும் கேக்கிறனீங்கள்?"

"அது படலையில கேக்கிறது. எதால எண்டு பின்னுக்குப் போய்த்தான் கேக்கிறனான். நீங்கள் ஓட்டோவிலதானே இருக்கிறனீங்கள்."

இறங்கினார். ஒரு கையில் கொப்பி, ஒரு கையில் குடை. பேப்பரில் சுற்றியது ஒன்றும் இல்லை. பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. பழக்கத்தில் துணியை எடுத்துக்கொண்டு பின்சீற்றுக்குத் திரும்பினேன். துடைக்க அதில் மண் இருக்கவில்லை.

ஐப்பசியில் மழையோடு கடிதமும் வந்தது. உடைந்ததற்கான காரணத்தை உறுதிப்படுத்த இயலவில்லை என்று எழுதியிருந்தது. அந்த மாரி முழுக்க மனைவி தறப்பாளுக்குக் கீழேதான் சமைத்தாள். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குலை பழுக்கவே இல்லை. கறுத்து வெம்பிப் போனதை அவளே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாள்.

மிஸ் அந்த வியாழனுக்கு அடுத்த திங்களே வழக்கம்போல எட்டே காலுக்கு வந்து ஏறினார். வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகும்வரை, இன்னும் நாலு மாதம், என் ஓட்டோவில்தான் போனார். ஒரு நாள் ஒரு படலையில் நின்று திரும்பிப் பார்த்து, "நீங்களும் பின்னுக்கு வாங்கோவன், அண்ணை" என்று கூப்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. போகவில்லை. எனக்கு அவரில் இருந்த மரியாதையை அந்த நாலு மாதத்தில் ஒரு நாளாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

இப்போது தரிப்பிடத்தில் யாராவது வந்து, வெளிக் குழாய்க்கு இன்சூரன்ஸ் வருமோ என்று கேட்டால் "பாக்கோணும்" என்கிறேன். "உடைஞ்சதை எறிஞ்சுபோடாதேங்கோ" என்கிறேன். அதற்கு மேலும் விடாமல், ஆறு வருஷம் அவாவோட திரிஞ்சனீங்கள், உங்களுக்குத் தெரியாததோ என்று கேட்பவர்கள் உண்டு.

"நான் ஓட்டோவிலதான் இருந்தனான்" என்று சொல்லிவிடுவேன்.